கைப்பிள்ளையோடு கடல் தாண்டி



கைப்பிள்ளையோடு பயணம் என்றால் எங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பொட்டலம். பிள்ளையின் இரண்டு சட்டை, சுடுதண்ணீர்ப் போத்தல், பால்மாப் பெட்டி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி. விளக்குக் கொளுத்தாமல் இருட்டில் தடவித் தடவிக் கட்டின பொட்டலம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டவர்கள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார்கள். 2009இல் வன்னியில் இருந்தவர்கள் அதையும் கடைசியில் எங்கேயோ போட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அது 1993இல் கிளாலிக் கடல். மகளுக்கு அப்போது எட்டு மாதம். இரவில், வெளிச்சமில்லாத வள்ளத்தில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பூநகரிப் பக்கம் போனோம்.

ஆகவே கடல், வள்ளம், பிள்ளை என்ற மூன்று சொற்களும் ஒன்றாக வரும்போது எங்கள் வயிறு கலங்குவதில் புதுமை இல்லை. இந்த மாதம் நான் எழுதுவது அதே மூன்றும் சேர்ந்த ஒரு பயணத்தைப் பற்றித்தான். ஆனால் ஒருவரும் துரத்தாத பயணம். கடல் பார்க்கவும் குதிரை பார்க்கவும் மட்டும் போன பயணம்.

இந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டது கனடாவில் இருக்கும் என் தங்கையின் மகள். அவள் தன்னுடைய பத்து மாதப் பிள்ளையோடு வன்கூவரிலிருந்து கப்பலேறி அலாஸ்காவுக்குப் போய்ப் பனிமலை பார்த்துவிட்டு வந்தாள். பனிக்கட்டி ஆறுபோல மலையிலிருந்து இறங்கிக் கடலில் உடைந்து விழுகிற இடம் அது. கம்பளி உடுப்புக்குள் மூக்கு மட்டும் தெரிய, பிள்ளை தகப்பனின் நெஞ்சில் தொங்குகிற படம் அனுப்பியிருந்தாள். தொலைபேசியில் கதைத்தபோது அவள் சொன்ன ஒரு விடயம் எனக்குப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலானவற்றில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளை ஏற்றமாட்டார்களாம். பல நாட்கள் கரையைக் காணாமல் ஓடும் கப்பல் என்றால் ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டுமாம். காரணம் எளிது. கப்பலில் வைத்தியர் இருப்பார், ஆனால் சின்னஞ்சிறு பிள்ளைக்கு வருத்தம் கடுமையானால் அதற்குரிய வசதி இராது. பணமும் வசதியும் உள்ளவர்களே இதைப் பார்த்துத்தான் போகிறார்கள். நாங்களும் பார்க்கத்தானே வேண்டும்.

படத்தைப் பார்த்த என் மகள் ஒரு நாள் முழுவதும் ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது, "அம்மா, எங்களுக்கு அலாஸ்கா வேண்டாம். நெடுந்தீவுக்குப் போவமே. இவளுக்குக் குதிரை காட்டுவம்" என்றாள். 1993இல் என் மடியில் கிடந்த அதே பிள்ளைதான். இப்போது அவளுடைய மடியில் ஒன்பது மாதத்துப் பேத்தி.

ஊர்வாயைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. மருமகனுக்கு லீவு இல்லை. என் கணவர் 2009க்குப் பிறகு வீடு திரும்பவில்லை. ஆகவே போவது நாங்கள் இரண்டு பெண்களும் ஒரு பெண் குழந்தையும். "ஆம்பிளைத் துணையில்லாமல், அதுவும் கைப்பிள்ளையோடு, என்ன விளையாட்டு இது?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டா. கோவிலுக்கு நேர்த்தி என்றால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். நயினாதீவுக்குப் போகிறோம் என்றால் விபூதி கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள். கணவனை இழந்தவள், காணாமல் போனவரைத் தேடுகிறவள், ஒரு நாள் சந்தோஷத்துக்காகக் கடல் பார்க்கப் போனால் மட்டும் கேள்வி வருகிறது. நான் அக்காவுக்குச் சொன்ன பதில்: "துணையில்லாமல் இதைவிடப் பெரிய கடலெல்லாம் தாண்டிவிட்டோம் அக்கா. இது ஒரு மணித்தியாலக் கடல்." அவ சிரித்துவிட்டா. போகும்போது ஒரு சீப்பு இதரை வாழைப்பழமும் தந்தா.

முதலில் காலத்தைத் தெரிவு செய்தோம். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்றும் மழையும். வைகாசியிலிருந்து சோளகம் எழும்பினால் தீவுப் பக்கக் கடல் கொந்தளிக்கும். இரண்டுக்கும் நடுவே மாசி, பங்குனி மாதங்களில்தான் கடல் ஓரளவு படுத்திருக்கும். மாரி மழையில் முளைத்த புல்லும் அப்போது முற்றாகக் காய்ந்திராது. சித்திரையில் போனால் வெயில் பிள்ளையை வதைத்துவிடும். நாங்கள் போனது பங்குனி முற்பகுதி. போவதற்கு ஒரு கிழமை முன்னர் கிளினிக்கில் நிறை பார்த்து, ஊசி ஏதும் பிந்தியிருக்கிறதா என்று குடும்பநல மருத்துவமாதுவிடம் கேட்டோம். ஒன்றும் பிந்தவில்லை. அந்தக் கொப்பியையும் பையில் வைத்துக்கொண்டோம். இம்முறை அதை வைத்தபோது மனம் வேறு மாதிரி இருந்தது.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். இடப்பெயர்வில் நாங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றப் பல கைப்பழக்கங்களைக் கற்றோம். தாய்ப்பாலை எந்த இடத்திலும் கொடுப்பது, ஒரு போத்தல் தண்ணீரில் ஒரு நாளைச் சமாளிப்பது, பிள்ளையின் மூச்சைக் கேட்டே காய்ச்சலைக் கண்டுபிடிப்பது. இவை எல்லாம் இன்றைக்கும் உதவும். ஆனால் இரண்டு பழக்கங்களை மட்டும் நாங்கள் கரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஒன்று, நித்திரைக்கு மருந்து கொடுப்பது. அந்த நாட்களில் பிள்ளை அழுதால் எல்லோருக்கும் ஆபத்து என்று சில தாய்மார் தடிமன் பாணியைக் கொடுத்துப் பிள்ளையைத் தூங்கவைத்துக் கொண்டுபோனார்கள். வேறு வழி இருக்கவில்லை. அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்றும், "பஸ்ஸில் அழுவான், வள்ளத்தில் சத்தி எடுப்பான், ஒரு கரண்டி கொடுத்துவிடு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். சத்திக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற புரோமெதசின் என்ற மருந்து இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாதது. அது மூச்சையே அடக்கிவிடக் கூடும். மற்றத் தடிமன் பாணிகளையும் வைத்தியர் சொல்லாமல் தொடக் கூடாது. அத்துடன், கைக்குழந்தைகளுக்குக் கடல் தலைச்சுற்று மிகவும் குறைவு. இரண்டு வயதுக்குப் பிறகுதான் அது கூடும். எங்கள் படகில் சத்தி எடுத்தது பெரியவர்கள்தான். பேத்தி அவர்களை வேடிக்கை பார்த்தாள்.

இரண்டாவது, பிள்ளையைச் சேலையால் உடம்போடு இறுக்கிக் கட்டுவது. சனத்துக்குள்ளே ஓடும்போது அது பிள்ளையைத் தவறவிடாமல் காத்தது. நடக்கும்போதும் மேடு பள்ளத்திலும் இன்றைக்கும் நல்லதுதான். படகில் மட்டும் வேண்டாம். தவறித் தண்ணீரில் விழுந்தால் ஈரமான முடிச்சை அவிழ்க்க ஏலாது. தாயின் பாரம் பிள்ளையை இழுக்கும், பிள்ளையின் முகம் தாயின் நெஞ்சோடு தண்ணீருக்குள் அமுங்கும். படகில் ஏறும்போதே கட்டை அவிழ்த்து, பிள்ளையைக் கையில் வைத்திருங்கள். தாய் கட்டாயம் உயிர்காப்பு அங்கி போட வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். பிள்ளைக்கு அங்கி என்பதுதான் சிக்கல். எட்டுக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சரியாகப் பொருந்துகிற அங்கி கிடைப்பது அரிது. பெரியவர்களின் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால் அது மேலே கழன்று போய்விடும், பிள்ளை கீழே போய்விடும். ஆகவே சின்னப் பிள்ளையோடு போகிறவர்கள் சிறிய கண்ணாடியிழை வள்ளத்தில் ஏறாமல், பெரிய பயணிகள் படகில், அமைதியான கடலில் மட்டும் போவதே நல்லது. எங்கள் பேத்தி எட்டரைக் கிலோ. யாழ்ப்பாணக் கடைகளில் தேடி, கழுத்துக்குப் பின்னால் தலையணைபோல ஒரு துண்டும் கால்களுக்கிடையே ஒரு பட்டியும் உள்ள சின்ன அங்கி ஒன்றை வாங்கினோம். அந்தக் காற்பட்டி இல்லாததை வாங்காதீர்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் போகலாம். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று இரண்டு பக்கமும் கடல் வரப் போகிற அந்தப் பாதையே ஒரு காட்சி. நெடுந்தீவுக்குக் குமுதினி, வடதாரகை, 2017இல் வந்த நெடுந்தாரகை என்று படகுகள் ஓடிவந்திருக்கின்றன. ஒன்று பழுதானால் இன்னொன்று, அதுவும் இல்லாவிட்டால் தனியார் படகு. முதல் நாளே விசாரித்து, காலைப் படகைப் பிடியுங்கள். காற்று பொதுவாக மத்தியானத்துக்குப் பிறகுதான் எழும்பும்.

படகின் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். பின்பக்கம் எஞ்சின் புகை. கீழ்த்தட்டு புழுங்கும். ஆகவே நடுவில், காற்று வருகிற வாசலோரமாக இடம் பிடித்தோம். கைப்பிள்ளைக்காரி என்றால் எங்கள் சனம் இடம் தராமல் விடாது. ஏழாற்றுப் பிரிவு என்று நெடுந்தீவார் சொல்கிற இடம் வந்ததும் படகு ஆடத் தொடங்கியது. அமைதியான நாளிலும் அங்கே நீரோட்டம் கொஞ்சம் முறுக்கித்தான் விடும். அந்த நேரம் பார்த்துப் பேத்தி வீரிட்டு அழத் தொடங்கினாள்.

எனக்கு எதிரே இருந்த ஒரு வயதான அம்மா சட்டென்று குனிந்து, "பிள்ளையின்ர வாயைப் பொத்து மோனை, பொத்து" என்றா. சொன்னதும் தானே திகைத்துப்போய் நிமிர்ந்து இருந்துவிட்டா. பக்கத்தில் இருந்த யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவ எந்த இரவில், எந்தக் கடலில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகினவ என்று அங்கே இருந்த என் வயதுப் பெண்களுக்குத் தெரியும். அதே பாதையில் 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் போனவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களிடையே கைக்குழந்தையும் இருந்தது. நெடுந்தீவில் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை நினைவுகூருகிறார்கள். அந்தக் கடலில் போகும் ஒருவரும் அதை மறப்பதில்லை. கதைப்பதும் இல்லை.

மகள் பிள்ளையை நெஞ்சோடு சாய்த்து முதுகைத் தட்டினாள். வாயைப் பொத்தவில்லை. "அழட்டும் அம்மா, அழுது முடிக்கட்டும்" என்று அந்த வயதான அம்மாவுக்குத்தான் சொன்னாள். பின்பக்கத்திலிருந்து படகோட்டத்தில் உதவிக்கு நிற்கிற பொடியன், "கத்தட்டும் அக்கா, கடல்தானே, ஆருக்குக் கேக்கப்போகுது!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தா. பேத்தி கரை வரும்வரை அழுதாள். நான் அவ்வளவு நேரம் ஒரு பிள்ளையின் அழுகையைக் கடலில் இருந்து காதாரக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நெடுந்தீவு முருகைக்கல் தீவு. வேலிகூட முருகைக்கற்களை அடுக்கிக் கட்டினது. எங்கள் பக்கத்துக் கிடுகு வேலியையும் கதியாலையும் அங்கே காண்பது குறைவு. பனைகளுக்கு இடையே அந்த வெள்ளைக் கல்மதில்கள் நெளிந்து நெளிந்து போவது பார்க்க அழகு. நடுவே குடைந்து ஆட்கள் உள்ளே நிற்கக் கூடிய பெருக்க மரம் ஒன்று நிற்கிறது. ஆபிரிக்காவுக்குரிய மரம், அராபிய வணிகர் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள். பேத்தியை அதன் பொந்துக்குள் தூக்கிக்கொண்டு போய் நின்றோம். வெளியே நெருப்பு வெயில், உள்ளே பானைத் தண்ணீர்போலக் குளிர்ச்சி. ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு வைத்தியசாலைக்குப் பின்னால் இருக்கிறது. நாங்கள் கோட்டையைவிட வைத்தியசாலையைத்தான் கவனித்துப் பார்த்துவைத்தோம். கைப்பிள்ளையோடு ஓரிடத்துக்குப் போனால் முதலில் பார்க்க வேண்டிய காட்சி அதுதான். சிறு வருத்தங்களுக்கு அங்கே பார்க்கலாம். கடுமையென்றால் படகில்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ தொடங்கியிருக்கும் நாளில், எவ்வளவு ஆயத்தம் செய்திருந்தாலும், படகில் ஏறாதீர்கள்.

குதிரைகள் தெற்குப் பக்கத்து வெளியில். முச்சக்கர வண்டியில் போனோம். பாதை கரடுமுரடு என்பதால், வண்டியை மெல்ல ஓட்டச் சொல்லி, பிள்ளையின் கழுத்தையும் தலையையும் கையால் தாங்கிக்கொண்டு போனோம். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் இங்கே குதிரை வளர்த்தார்கள். அவர்கள் போனார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. மனிதர் கட்டிவைக்காமல் தலைமுறை தலைமுறையாகத் தாமாகவே பெருகிக் காட்டுக் குதிரைகளாகிவிட்டன. 2015இல் அவை மேயும் பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. கடும் வரட்சியில் தண்ணீரில்லாமல் குதிரைகள் இறப்பதும் உண்டு. நாங்கள் போனபோது பள்ளங்களில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. இருபது குதிரைகள் இருக்கும். குட்டிகளும் நின்றன. கிட்டப் போக வேண்டாம் என்று வண்டிக்காரத் தம்பி சொன்னார். குட்டியோடு நிற்கும் தாய்க்குதிரை உதைக்கும். அது எங்களுக்கு விளங்காததா? தூரத்தில் நின்றே பார்த்தோம். பேத்தி இரண்டு கையையும் நீட்டி, "ஆ, ஆ" என்று கூப்பிட்டாள். ஒரு பழுப்புக் குதிரை தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி புல்லைத் தின்னத் தொடங்கியது. அவ்வளவுதான் நடந்தது. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போனோம்.

பிள்ளையைப் புல்லில் விட்டுத் தவழவிட மனம் வரும். விடாதீர்கள். எங்கள் மாகாணத்தில் உண்ணிக் காய்ச்சல் இருக்கிறது. பற்றைகளிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணிகள் கடித்து வருவது அது. நிலத்தில் தடிப்பான பாய் விரித்து, அதன் மேல் துணி போட்டு இருத்துங்கள். திரும்பிவந்ததும் அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் எல்லாம் பார்த்துக் குளிப்பாட்டுங்கள். இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போய்வந்தோம் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இரவில் நுளம்பு வலை கட்டாயம். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் எங்கள் நாட்டை அறிவித்தது உண்மைதான், ஆனால் டெங்கு போகவில்லை. வன்னிப் பக்கம் காடு பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னுமொன்று: மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் வண்டியை விட்டே இறங்காதீர்கள். பாதைக்கு வெளியே ஓரடியும் வைக்காதீர்கள்.

வெயிலுக்கு ஒரு தொப்பியும் மெல்லிய முழுக்கைப் பருத்திச் சட்டையும் போதும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் களிம்பு பூசுவதைவிட நிழலில் வைத்திருப்பதே சரி. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே நாங்கள் வெளியே போகவில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் தேவையில்லை, எவ்வளவு வெக்கையென்றாலும் தண்ணீர்கூடத் தேவையில்லை. தாய்தான் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். எங்கள் பேத்திக்கு ஒன்பது மாதம் என்பதால் பருப்புச் சோறும், அவித்த வற்றாளைக்கிழங்கும், அக்கா தந்த இதரைப் பழமும் கொடுத்தோம். தீவின் கிணறுகள் பல உவர். சாராப்பிட்டிப் பக்கம் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. எதுவானாலும் கொதிக்கவைத்து ஆறவைத்தே கொடுத்தோம்.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மா பெரிய மனது படைத்தவ. நெடுந்தீவில் மாடு அதிகம், பாலும் தயிரும் தாராளம். பிள்ளைக்கென்று ஒரு செம்பு கறந்த பால் காய்ச்சிக் கொண்டுவந்தா. ஒரு வயதுக்கு முன்னர் பசுப்பாலைக் குடிக்கக் கொடுப்பது சரியில்லை. பிள்ளையின் குடலும் சிறுநீரகமும் அதற்கு இன்னும் ஆயத்தமில்லை, இரத்தச் சோகையும் வரும். ஆனால் ஒரு தாய் அன்போடு நீட்டினதை எப்படி வேண்டாமென்பது? மகள் கெட்டிக்காரி. "இவளுக்குப் பால் குடுக்கிறது நான்தானே அம்மா, அப்ப எனக்குத்தான் இந்தப் பால் வேணும்" என்று வாங்கிக் குடித்துவிட்டாள். வீட்டு அம்மாவுக்கும் திருப்தி. தேன் நக்கவைப்பதும் ஒரு வயதுக்கு முன்னர் கூடாது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைக்கு நீர்ச்சத்துக் குறைகிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு நாளில் ஆறு தடவையாவது சலம் போகிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, உச்சிக்குழி உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஜீவனிப் பக்கற் இரண்டு பையில் இருக்கட்டும்.

இரண்டாம் நாள் பின்னேரப் படகில் திரும்புவது எங்கள் திட்டம். இறங்குதுறைக்குப் போனபோது காற்று மாறியிருந்தது. அலைகளில் வெள்ளை நுரை தெரிந்தது. படகு போகும் என்றார்கள். ஆட்களும் ஏறிக்கொண்டிருந்தார்கள். மகள் கடலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், "அம்மா, நாங்கள் இண்டைக்குப் போக வேண்டாம்" என்றாள்.

எனக்கு அந்தச் சொல்லை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பிள்ளையோடு ஒரு வள்ளத்தின் முன் நின்று, ஏறாமல் விடலாம் என்று எனக்கு ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. கிளாலியில் ஏறாவிட்டால் பின்னால் ஒன்றும் இருக்கவில்லை. இங்கே பின்னால் ஒரு வீடு இருந்தது, அடுப்பில் சோறு இருந்தது, நாளைக்கு இன்னொரு படகு இருந்தது. திரும்பி நடந்தோம். வீட்டு அம்மா எங்களைக் கண்டதும் ஏனென்று கேட்கவில்லை. உலையில் இன்னும் இரண்டு சுண்டு அரிசி போட்டா. அந்த மேலதிக இரவுக்கென்று கொஞ்சக் காசும், பிள்ளைக்கு ஒரு நாள் உடுப்பும் சாப்பாடும் முன்னரே எடுத்துவைத்திருந்தோம். நீங்களும் அப்படி வையுங்கள். கையில் அது இல்லாவிட்டால், காற்றைப் பார்த்தும் ஏறத்தான் தோன்றும்.

மறுநாள் காலைக் கடல் எண்ணெய் பூசினதுபோல இருந்தது. ஏழாற்றுப் பிரிவில் பேத்தி நல்ல நித்திரை.

சென்ற மாதம் ஒரு சகோதரி எழுதியிருந்தார். பிள்ளைக்கு ஐந்து மாதம், சித்திரை விடுமுறைக்கு எங்காவது கடற்பக்கம் கூட்டிப்போக ஆசை, மாமி சம்மதிக்கவில்லை, என்ன செய்யலாம் என்று. சகோதரி, உங்கள் மாமி இந்த முறை சொல்வது சரி. ஐந்து மாதம் என்பதும் சித்திரை வெயில் என்பதும் படகுக்கு ஒத்துவராது. இப்போதைக்கு ஒரு பின்னேரம் உங்கள் ஊர்க் கடற்கரைக்குப் போய், பிள்ளையின் காலை மணலில் தொடவைத்துவிட்டு வாருங்கள். அடுத்த மாசியில் பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிவிடும். அப்போது அயலில் கைப்பிள்ளை உள்ள இன்னும் இரண்டு தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். வண்டிச் செலவு பங்குபோட்டால் குறையும். மாமியையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஏறி இறங்கும்போது பிள்ளையைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அவவும் குதிரைக்குட்டி பார்த்திருக்கமாட்டா.